கேட்காமல் ஒடித்த கொம்பு

காணும் பொங்கலன்று யார் யாரைக் காண வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதி வைக்கவில்லை. சென்னைக்காரர்கள் தாங்களாகவே யோசித்து, எல்லாரும் எல்லாரையும் காண்பது என்று முடிவு கட்டிவிட்டார்கள். கடற்கரையில் கால் வைக்க இடம் கிடைக்காதவர்கள் பூங்காவுக்கு வருவார்கள். பூந்தமல்லி பைபாஸை ஒட்டி ஏரிக்கரையில் போட்டிருக்கும் தாவரப் பூங்காவில் அந்த வாரம் மலர்க் கண்காட்சி வேறு. ஆவடி, அம்பத்தூர், திருவேற்காடு, குமணன்சாவடி என்று நாலா பக்கமிருந்தும் சோற்று மூட்டையும் பிள்ளைகுட்டியுமாக ஜனம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. வாசலில் போலீஸ்காரப் பெண்கள் சின்னப் பிள்ளைகளின் மணிக்கட்டில் போன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டி உள்ளே விட்டார்கள். கூட்டத்தில் தொலைந்தால் கண்டுபிடிக்க வேண்டுமே.

தனக்கும் ஒரு பட்டையைக் கட்டிவிட்டால் தேவலை என்று நாகவல்லிக்குத் தோன்றியது. காலையிலிருந்து அவள் மனசு அவளிடத்தில் இல்லை.

நாகவல்லிக்கு நாற்பத்து நாலு வயது. ஆறு வருஷமாக இந்தப் பூங்காவில் ஒப்பந்த வேலை. பச்சைக் கோட்டு, கழுத்தில் தொங்கும் அட்டை, கையில் தண்ணீர்க் குழாய். இங்கே பாத்திக்கு ஓர் ஆள் கணக்கு. ஏழாம் நம்பர் பாத்தி அவள் பேரில். சூப்பர்வைசர் விஷால் காலையில் ஒரு தரமும் சாயங்காலம் ஒரு தரமும் ஒவ்வொரு பாத்தியையும் போனில் படம் எடுத்து, கான்ட்ராக்டர் இருக்கும் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிடுவான். காலைப் படத்தில் இருந்த கொம்பு சாயங்காலப் படத்தில் இல்லையென்றால் அந்தப் பாத்திக்காரி மறுநாள் வர வேண்டியதில்லை. போன வாரம்தான் ராணியை நிறுத்தினார்கள். எவர் வீட்டுப் பிள்ளையோ ஓடிவந்து டேலியாவின் மேல் விழுந்ததற்கு ராணி வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஏழாம் பாத்தியின் நடுவில் நின்றது ஒரு செம்பருத்தி ஜாதி. காலையில் வெள்ளையாகப் பூத்து, உச்சி வெயிலில் ரோஸாகி, சாயங்காலம் சிவந்துவிடும். பலகையில் ஏதோ வாயில் நுழையாத பெயர் எழுதியிருந்தது. வேலைக்காரப் பெண்கள் அதற்கு ஓணான் பூ என்று பெயர் வைத்திருந்தார்கள். பூங்கா முழுக்க அந்த ஒரு செடிதான்.

"இன்னாமே வல்லி, கேட்டையே பாத்துகினு கீற? கேட்டு எங்கயும் ஓடிப் போவாது" என்றாள் ஆறாம் பாத்தி எல்லம்மா.

"மணி இன்னா?"

"இப்பத்தான கேட்ட? பத்து."

"பூவு இன்னும் வெள்ளையாவே கீது."

"பத்து மணிக்கி வெள்ளையாத்தான் இருக்கும். நீ மொறச்சிப் பாத்தா செவந்துருமா?"

நாகவல்லி சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

அவள் மகள் ஜோதிகா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். அங்கேயே வேலை செய்யும் கிஷோர் என்கிற பையனும் அவளும் இரண்டு வருஷமாகப் பழக்கம். பையனின் அப்பா அழகேசன், நிலக்கோட்டைப் பக்கத்து வாத்தியார். ஓய்வு பெற்றதும் மகன் வாங்கிய ஐயப்பன்தாங்கல் பிளாட்டுக்கு மனைவி கண்ணம்மாவோடு வந்து சேர்ந்தவர். மகன் பிடித்த பிடியில் நின்றதால், சரி, பார்க்கலாம் என்ற அளவுக்கு இறங்கி வந்திருந்தார். 'பார்க்கலாம்' என்பது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. பெண்ணைப் பெற்றவர்களுக்கு அதைவிடப் பொல்லாத வார்த்தை கிடையாது.

கோளாறு நாகவல்லியின் புருஷனால் வந்தது. ஜெகதீசன் ஒரு குடோனில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுகிறவன். வண்டியை நிதானமாக ஓட்டுவான், வாயை ஓட்டத் தெரியாது. வாத்தியார் போனில், "உங்க வீட்டம்மா என்ன செய்யுறாக?" என்று கேட்டதற்கு, "தோட்டக்கலையில கீறா சார்" என்று சொல்லி வைத்தான். "அப்படியா! அரசாங்க உத்தியோகம். நல்லது, நல்லது" என்றார் அவர். இவன் இல்லையென்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. இருமினான். இருமலை வாத்தியார் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

அதோடு போயிற்றா? "வீட்டுக்கு வந்து பார்க்குறதெல்லாம் உறுதியான பிறகு வச்சுக்கிடலாம். பொதுவான இடமா இருக்கட்டும். காணும் பொங்கலுக்கு உங்க வீட்டம்மா பூங்காவுக்கே வந்துடுறோம்" என்று நாள் குறித்ததும் அவர்தான்.

"உண்மைய சொல்லிடலாம் நைனா" என்று ஜோதிகா எத்தனையோ தரம் சொன்னாள். "கிஷோருக்குத் தெரியும். அவுங்க வூட்ல அப்புறம் சொல்லிக்கலாம்ங்கறான்."

"அப்ப அப்பறமே சொல்லிக்கலாம்" என்றான் ஜெகதீசன்.

காணும் பொங்கலன்று யாருக்கும் லீவு கிடையாது. சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்று விஷாலிடம் கெஞ்சி, பன்னிரண்டிலிருந்து ஒரு மணிவரை வாங்கியிருந்தாள்.

பூ ரோஸாகத் தொடங்கியதும் நாகவல்லி மண்வெட்டி அறைக்குள் ஓடினாள். உர மூட்டைகளுக்கு நடுவே நின்று கோட்டைக் கழற்றி, காலையில் ஒளித்து வைத்த மாம்பழக் கலர் பட்டுப் புடவையை உடுத்திக்கொண்டாள். நகக்கண்ணில் ஏறியிருந்த மண்ணுக்கு வீட்டிலிருந்தே புளி உருண்டை கொண்டுவந்திருந்தாள். தேய்த்துத் தேய்த்து விரல் சிவந்ததே தவிர மண் போகவில்லை.

"நா பாத்துக்கறேன் ஒன் பாத்திய" என்றாள் எல்லம்மா. "ஆனா எனக்கும் ரெண்டு கண்ணுதான் கீது. கூட்டத்தப் பாத்தியா? ஒரு மணிக்கி வந்துருமே."

தூங்குமூஞ்சி மரத்தடியில் ஜெகதீசன் ஜமக்காளம் விரித்து வைத்திருந்தான். வாத்தியார் வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக, எதிரே இருப்பவர்கள் வீட்டுப்பாடம் எழுதி வந்திருக்கிறார்களா என்று பார்க்கிற பார்வையோடு சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணம்மா ஒடிசலான பெண்மணி. மடியில் ஒரு கட்டைப்பை. கிஷோரும் ஜோதிகாவும் அலுவலகத்தில் மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள், இங்கே ஆளுக்கொரு ஓரத்தில் புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கம்மா, உக்காருங்க. வேலை நேரத்துல தொந்தரவு குடுத்துட்டோம்" என்றார் வாத்தியார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்."

"உங்களுக்குக் கீழ எத்தனை பேரு?"

நாகவல்லி புருஷனைப் பார்த்தாள். புருஷன் தூங்குமூஞ்சி மரத்தைப் பார்த்தான்.

"எல்லாம் சேந்துதான் சார் செய்றது" என்றாள். பொய் இல்லை.

கண்ணம்மா புளியோதரையையும் உருளைக்கிழங்கையும் எடுத்து வைத்தார். நாகவல்லி எவ்வளவு தடுத்தும் கேட்காமல் ஜெகதீசன் வறுத்த வஞ்சிரம் கொண்டுவந்திருந்தான். மூடியைத் திறக்கலாமா வேண்டாமா என்று அவன் கை போய்ப் போய்த் திரும்பியது.

"அது என்ன, மீனா? தொறங்க தொறங்க. வாசம் வந்தப்பவே நெனச்சேன்" என்றார் கண்ணம்மா. "இவுகதான் வெள்ளிக்கெழம, சனிக்கெழமன்னு பாப்பாக. நான் மீனுக்குக் கெழம பாக்குறதில்ல."

அந்த ஒரு பேச்சில் நாகவல்லிக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அப்புறம் செடியைப் பற்றிப் பேச்சு வந்தது. மூன்றாம் மாடியில் கைப்பிடிச் சுவர்மேல் பதினாலு தொட்டி வைத்திருக்கிறாராம் கண்ணம்மா. ஊரில் கொல்லை நிறையச் செடி இருந்ததாம், இங்கே வெயிலும் இல்லை காற்றும் இல்லை, முல்லை மூன்று வருஷமாக மொட்டே வைக்கவில்லையாம்.

"தண்ணி ஜாஸ்தி ஊத்துறீங்க" என்றாள் நாகவல்லி. "பத்து நாளு காயப் போடுங்க. இல கொட்டும், பயந்துக்காதீங்க. அப்பால நுனியக் கிள்ளிட்டு ஒரு கை எரு வைங்க. அது ரோஷக்காரி. பட்டினி போட்டாத்தான் பூக்கும்."

கண்ணம்மா வாய் பிளந்து கேட்டார். வாத்தியார்கூட மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, "அனுபவம் பேசுது" என்று தலையாட்டினார். ஜோதிகா முதல் தடவையாக நிமிர்ந்து சிரித்தாள். எல்லாம் சரியாக வந்துவிடும் போலிருந்தது. ஆனாலும் நாகவல்லிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு கண் எதிரே இருந்தவர்கள் மேல், ஒரு கண் ஏழாம் பாத்தி மேல். எங்காவது பிள்ளை ஓடினால் இவளுக்கு இடுப்பு எழும்பியது.

சாப்பிட்டதும் ஒரு சுற்றுச் சுற்றி வரலாம் என்று எழுந்தார்கள். பூத்தொட்டிகளை அடுக்கிச் செய்த யானையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கண்ணம்மா ஒவ்வொரு பாத்தியிலும் நின்று, இலையைத் தடவி, பலகையைப் படித்து, கடைசியாக வந்தார். ஓணான் பூவின் முன்னால் அவர் நின்றது நின்றபடி நின்றுவிட்டார்.

"இது காலைல வேற நெறமா இருக்குமோ?"

"வெள்ளையா இருக்கும். சாயங்காலம் செவந்துரும்."

"அடி ஆத்தி!" என்று சின்னப் பிள்ளை மாதிரி கன்னத்தில் கைவைத்துக்கொண்டார்.

அப்போதே அவர் ஒரு கொம்பு கேட்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது. சீசன் முடிந்து செடியைக் கவாத்து செய்யும்போது எத்தனையோ கொம்பு குப்பைக்குப் போகும், நாகவல்லி எடுத்து வைத்திருப்பாள். ஆனால் செடி வளர்க்கிற பெண்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. கேட்டு வாங்கிய கொம்பு வேர் விடாது, தெரியாமல் ஒடித்ததுதான் துளிர்க்கும். தெருவில் நாலணாக் காசு கிடந்தால்கூட எடுக்காத உத்தமிகள்தாம், அடுத்த வீட்டு மதிலோரம் போகும்போது அவர்கள் கை சும்மா இருக்காது. அதைத் திருட்டு என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள்.

நாலு அடி முன்னால் போன நாகவல்லிக்கு முதுகுக்குப் பின்னால் டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்குத் தூக்கத்திலும் கேட்கும். திரும்பியபோது கண்ணம்மாவின் முந்தானை கட்டைப்பையின் மேல் விழுந்துகொண்டிருந்தது. ஏழாம் பாத்தியில் நடுக்கொம்பு இல்லை. உச்சியில் இரண்டு மொட்டு வைத்திருந்த நல்ல கொம்பு.

வேறு யாரும் பார்க்கவில்லை. தன்னை அதிகாரி என்று நினைத்துத்தானே அந்த அம்மாள் கை வைத்தார், தினக்கூலிக்காரியின் பாத்தி என்று தெரிந்திருந்தால் தொட்டிருப்பாரா என்று நாகவல்லியின் மனசு அந்த நேரத்திலும் வக்காலத்து வாங்கியது. வெளியே போகும் வழியிலோ பையை எல்லாம் கொட்டிப் பார்க்கிறார்கள். செடி அகப்பட்டால் மைக்கில் சொல்வார்கள். வாத்தியார் சம்சாரத்தை மைக்கில் சொன்னால் கல்யாணம் எங்கே நடக்கும்?

"அந்தப் பையக் குடுங்க, டப்பால்லாம் அலம்பிகினு வந்துர்றேன். கொயா தோ பின்னாலதான் கீது" என்றாள்.

"ஐயோ வேணாங்க, வீட்ல போயி அலசிக்கிடுறேன்."

"மீன் நாத்தம் ஏறிக்கும்."

"பரவால்லங்க. நீங்க போயி..."

ஒரு காதை இவள் பிடிக்க, ஒரு காதை அவர் பிடிக்க, இரண்டு பெண்களும் சிரித்த முகத்தோடு அந்தப் பையை இழுத்தார்கள். "உபசாரத்துக்கும் ஒரு அளவு இல்லையா?" என்று வாத்தியார் பெருமையாகச் சொன்னார். தொட்டி தூக்கிப் பழகிய கை ஜெயித்தது.

மண்வெட்டி அறைக்குப் பின்னால் குழாயடிக்குப் போய்க் கொம்பை வெளியே எடுத்தாள். பத்தடியில் குப்பைக் குழி. தூக்கி எறிந்திருந்தால் தீர்ந்தது. சாயங்காலம் விஷால் கேட்டால் கூட்டத்தில் எவனோ ஒடித்துவிட்டான், நான் பார்க்கவில்லை என்று காலைப் பிடித்துக் கெஞ்சியிருக்கலாம். ஆனால் ஆறு வருஷம் செடியோடு இருந்த கை. பச்சைக் கொம்பு, இரண்டு மொட்டு, கீழே ஈரம் வேறு காயவில்லை. பக்கத்தில் மண் நிரப்பிய நாற்றுப் பைகள் வரிசையாக இருந்தன. நாகவல்லி யோசிக்கவேயில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கீழ் இலைகளைக் கிள்ளி, கொம்பை ஒரு பையில் செருகி, கட்டைவிரலால் மண்ணை அழுத்தினாள்.

"இன்னாக்கா இது?"

விஷால் நின்றுகொண்டிருந்தான்.

"மணி ஒண்ணே கால். ஆளக் காணோமேன்னு தேடிகினு வர்றேன். பட்டுப் பொடவ கட்டிகினு பதியம் போட்டுகினு கீறியா? ஏயாம் பாத்தி நடுக்கொம்புதான அது?"

அவன் குரல் கேட்டு ஜெகதீசன் வந்தான். பின்னால் வாத்தியார், கிஷோர், ஜோதிகா. கடைசியாகக் கண்ணம்மா.

"யாரு ஒடிச்சது? நீயா?"

நாகவல்லி கண்ணம்மாவைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கிற பார்வை இல்லை. ஒரு வார்த்தை சொல்லுங்களேன் என்கிற பார்வை. 'நான்தான், தெரியாம ஒடிச்சிட்டேன்' என்றால் விஷால் தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவான், பார்க்க வந்தவர்களை அவனால் என்ன செய்ய முடியும்? கண்ணம்மாவின் உதடு அசைந்த மாதிரி இருந்தது. பிறகு அவர் சொட்டிக்கொண்டிருந்த குழாயைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"நாந்தான்" என்றாள் நாகவல்லி.

"உன்ன மாரி ஆளே இப்டி பண்ணா நா இன்னாக்கா செய்றது? கான்ட்ராக்டரு என் கய்த்தப் புடிப்பாரு." அவனுக்கு உண்மையிலேயே வருத்தம்தான். கொம்போடு நாற்றுப் பையையும் நாகவல்லியையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டான். "நாளைக்கி வேலைக்கி வராத. கோட்டு, கார்டு ரெண்டும் காலைல வந்து ஒப்படச்சிடு. தெனக்கூலிக்கி வர்றவங்க மேல நம்பித்தான பாத்திய உடறோம்?"

தினக்கூலி என்ற சொல் அங்கேயே நின்றது. வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்ப நாங்க கெளம்புறோம். வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றோம்."

கண்ணம்மா கட்டைப்பையைக் கீழேயிருந்து எடுத்துக்கொண்டார்.

மூன்று பேரும் ஆவடி சேக்காட்டில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். கதவைச் சாத்தியதும் ஜெகதீசன் ஆரம்பித்தான்.

"இன்னாத்துக்குமே ஒடிச்ச? நம்ம ஊட்ல செடி வைக்க எடம் எங்க கீது? மொட்ட மாடியில தண்ணி டேங்க்குக்கே எடம் இல்ல!"

"தோணிச்சி. ஒடிச்சேன்."

"தோணிச்சாம்! பொண்ணு வாய்க்கைய ஒடிச்சிட்டு வந்து தோணிச்சாம்!"

"நீ இருமாம இருந்தா இவ்ளோ தூரம் வந்துருக்காது, போய்யா" என்று அவளும் கத்தினாள். அவன் சட்டையைக் கழற்றாமலே வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தான்.

ஜோதிகா சமையல் மேடையில் சாய்ந்து நின்றாள். "ம்மா, நீ ஒடிக்கல. எனக்குத் தெரியும். ஒரு எல கிள்ளுனாகூட நீ என்னத் திட்டுவ. யாரு ஒடிச்சா?"

நாகவல்லி மீன் டப்பாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம். சொன்னால் இந்தப் பெண் அந்த வீட்டில் போய் நாற்பது வருஷம் வாழும்போது, மாமியார் தண்ணீர்க் குவளையை நீட்டும் போதெல்லாம் இதுதான் ஞாபகத்துக்கு வரும். சொல்லாவிட்டால் நாகவல்லிக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. வேலை போனது இரண்டாம் பட்சம். ஆவடியைச் சுற்றி வேலைக்கா பஞ்சம்? பழி சுமக்கிறாள் என்று தெரிந்தும் ஒருத்தி குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றாளே, அந்த வீட்டிலா தன் பெண் போய் நிற்கப் போகிறாள்? நாளைக்கு இவள் தலையில் ஒரு பழி விழுந்தால் அங்கே வாய் திறக்க யார் இருக்கிறார்கள்? காலை முழுக்க அவர்களுக்கு நம்மைப் பிடித்துப்போக வேண்டுமே என்று தவித்தவள், இப்போது அவர்கள் சரியென்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று தவித்தாள்.

"கிஷோரு இன்னா சொல்றான்?" என்று மட்டும் கேட்டாள்.

"அவுங்க அம்மா வந்ததுலேர்ந்து யாராண்டயும் பேசலியாம். சாப்புடவும் இல்லியாம்."

மறுநாள் எட்டரைக்கெல்லாம் நாகவல்லி பூங்கா வாசலில் இருந்தாள். துவைத்து மடித்த பச்சைக் கோட்டு ஒரு கவரில். முந்தின நாள் கூட்டம் விட்டுப்போன காகிதத் தட்டுகளைப் பெருக்கிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் கவுன்டர் இன்னும் திறக்கவில்லை. அதன் முன்னால் ஒரே ஒரு உருவம், வீட்டில் உடுத்தும் நூல் புடவையில், கட்டைப்பையைக் கட்டிப் பிடித்தபடி நின்றது.

கண்ணம்மா.

"தனியாவா வந்தீங்க?"

"ரெண்டு பஸ்ஸு மாறி வந்தேன். குமணன்சாவடியில தப்பான பஸ்ஸுல ஏறிட்டேன், எறக்கிவிட்டாக." அவர் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லைங்க."

நாகவல்லிக்கு இரக்கம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

"எனக்கு மட்டும் தூக்கம் வந்துச்சா? ஒரே ஒரு வார்த்தம்மா. நாந்தான்னு ஒரு வார்த்த. உங்களத் தூக்கிலயா போட்ருப்பாங்க?"

"வாயி வரலங்க." கண்ணம்மா புடவைத் தலைப்பை முறுக்கினார். "இவுக முன்னால, புள்ள முன்னால, வரப்போற மருமக முன்னால. முப்பது வருசம் வாத்தியார் வீட்டம்மா, வாத்தியார் வீட்டம்மான்னே இருந்துட்டேன். திருடின்னு ஆயிருமேன்னு நாக்கு உள்ள இழுத்துக்கிருச்சு. நீங்க ஆபீசரம்மான்னுதான் நெனச்சேன். உங்களுக்கு ஒண்ணும் வராதுன்னு நெனச்சேன். அந்தத் தம்பி தெனக்கூலின்னு சொன்னப்பதான் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. அப்பவும் வாயி வரல பாருங்க. அதத்தான் என்னால தாங்க முடியல."

"நானும் ஆபீசருன்னுதான உக்காந்துருந்தேன்" என்றாள் நாகவல்லி. அதைச் சொன்னதும் அவளுடைய ஆத்திரம் பாதியாகிவிட்டது. மீதிப் பாதி இருந்தது.

கவுன்டர் திறந்தது. கண்ணம்மா தனக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஏழாம் பாத்தியில் விஷால் காலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஓணான் பூ வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. நடுவில் ஒடிந்த இடம் மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி தெரிந்தது. பக்கத்து ஆறாம் பாத்தியில் குழாயோடு நின்ற எல்லம்மா இவர்களைப் பார்த்துத் தண்ணீரை நிறுத்தினாள்.

"தம்பி, நேத்து இத ஒடிச்சது நானு. இவுக இல்ல" என்றார் கண்ணம்மா.

விஷால் நிமிர்ந்து பார்த்தான். "இன்னாம்மா, இன்னிக்கி வந்து சொல்றீங்க? இந்தக்கா சொல்லிக் குடுத்து இட்டுகினு வந்துச்சா?"

"யாரும் கூட்டிட்டு வரல. பை எம்பையி. அதுலருந்து எடுத்து இவுக ஊனி வச்சாக. அவ்ளோதான்."

"சரிம்மா, நா நம்பறேன். கான்ட்ராக்டரு நம்பணுமே? அக்கா படத்த நேத்தே குரூப்புல போட்டாச்சி. அதுக்கு நா இன்னா சொல்றது?"

கண்ணம்மா பையை எல்லம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, பாத்தி ஓரத்தில் ஏறி, அந்தச் செடிக்குப் பக்கத்தில் போய், ஒடிந்த இடத்தை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"எடு. என்னையும் ஒரு படம் புடிச்சு அதுலயே போடு. நாந்தான் ஒடிச்சேன்னு எழுதிப் போடு."

"ஏங்க, எறங்கி வாங்க. அதெல்லாம் வேணாம்" என்று நாகவல்லி பதறினாள்.

"நீங்க சும்மா இருங்க."

விஷாலுக்குச் சிரிப்பும் சங்கடமுமாக வந்தது. போனைத் தூக்கினான். எடுத்தான். கட்டைவிரலை வைத்துக்கொண்டு கேட்டான்.

"யாருன்னு போடறது? உங்க பேரு இன்னா?"

"கண்ணம்மா." அவர் பாத்தியிலிருந்து இறங்கவில்லை. "வெறும் பேரப் போட்டா யாருன்னு தெரியுமா? நாகவல்லியோட சம்பந்தின்னு போடு."

நாகவல்லி இரவெல்லாம் படுத்துக்கொண்டு, அவர்கள் வேண்டாமென்றால் என்ன சொல்வது, சரியென்றால் என்ன சொல்வது என்று இரண்டுக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தாள். இரண்டில் ஒன்றும் இப்போது வாயில் வரவில்லை. கண்ணில்தான் வந்தது.

"வாத்தியாரு?" என்றாள்.

"அவருகிட்ட காலைல சொல்லிட்டுத்தான் பஸ் ஏறுனேன். கோவத்துல இருக்காக. காப்பி வேணாம்னுட்டாக. அது ரெண்டு நாளு. நான் பாத்துக்கிடுறேன்."

எல்லம்மா மண்வெட்டி அறைக்குப் பின்னால் போய் நாற்றுப் பையைத் தூக்கி வந்தாள். கொம்பு வாடாமல் நின்றிருந்தது. கண்ணம்மா ஆசையாகக் குனிந்து பார்த்தார்.

"இது வராதுங்க" என்றார். "ஊரறியச் சொல்லிட்டேன்ல. இனி எங்க துளுக்கும்?"

"அத நா பாத்துக்கறேன்" என்றாள் நாகவல்லி.

விஷாலின் போன் மணியடித்தது. கான்ட்ராக்டர். அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நாலடி தள்ளிப் போனான், "ஆமா சார்... இல்ல சார்... சம்பந்தியம்மாதான் சார்..." என்று சொல்வது கேட்டது. என்ன முடிவாகுமோ தெரியாது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஏழாம் பாத்தி காலையிலிருந்து தண்ணீர் காணாமல் கிடந்தது.

நாகவல்லி கவரைப் பிரித்தாள். பச்சைக் கோட்டை உதறி, கண்ணம்மாவின் கண் முன்னாலேயே மாட்டி, ஒவ்வொரு பித்தானாகப் போட்டுக்கொண்டாள். எல்லம்மா கீழே போட்டிருந்த குழாயைக் கையில் எடுத்தாள்.

"அந்த மரத்தாண்ட நெயல்ல போய் உக்காருங்க சம்பந்தி" என்றாள். "தண்ணி காட்டிட்டு வந்துர்றேன்."